வியாழக்கிழமை இறங்கும் மேசை

மலை ஆஸ்பத்திரி,
கல்வராயன் மலை
10.1.2025

சம்பந்தி இருசப்பன் அவர்களுக்கு,

ஆண்டாள் எழுதுவது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே டவர் கிடைக்க மலைப்பாதையில் மூன்றாவது வளைவு வரைக்கும் நடக்க வேண்டும், அது ஒரு பக்கம். போன வாரம் நாம் இரண்டு பேரும் போனில் போட்ட சண்டையைக் கேட்ட என் மகள், அதாவது உங்கள் மருமகள் சுபஸ்ரீ, உத்தரவு போட்டுவிட்டாள். "இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கினீங்கன்னா நான் அம்மா வூட்டுக்கும் வரமாட்டேன், மாமனார் வூட்லயும் இருக்கமாட்டேன். எதுவா இருந்தாலும் எழுதி அனுப்புங்க. எழுதறப்பயாச்சும் வாய் அடங்கும்." அடங்குகிறதா என்று பார்ப்போம். காலை பஸ்ஸில் கண்டக்டர் பழனியின் பையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். ஆபரேஷன் மேசை நேற்றும் இறங்கிவிட்டது.

குடலிறக்க ஆபரேஷன். டாக்டர் ஜெயசுதா கீழேயிருந்து வருவதே வாரத்தில் வியாழன் ஒரு நாள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் கத்தி வைக்கும்போது மேசை அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. தையல் போடும்போது தொடைக்கு வந்துவிட்டது. "சிஸ்டர், நான் வளர்றேனா, டேபிள் எறங்குதா?" என்று கேட்டார். நான் காலால் பெடலை மிதித்து மிதித்து ஏற்றினேன். ஏற்றினால் நோயாளி குலுங்குகிறார், ஏற்றாவிட்டால் டாக்டர் கூன் விழுகிறார். எதைச் செய்ய?

இந்த மேசை போன ஆகஸ்டில் சென்னை ஆஸ்பத்திரி ஒன்று தானமாகக் கொடுத்த பழைய மேசை. செய்த கம்பெனியே இப்போது இல்லை. "என் சம்பந்தி கள்ளக்குறிச்சியில கரும்பு டிராக்டருங்களுக்கு ஜாக்கி பாக்கறவரு, அவரு பாத்துடுவாரு" என்று நிர்வாகி இளஞ்செழியன் சாரிடம் உங்கள் பெயரைச் சொன்னது நான். நவம்பரில் பார்த்தீர்கள். டிசம்பரில் பார்த்தீர்கள். இரண்டு முறையும் "இனி பத்து வருஷத்துக்குத் தொட வேணாம்" என்றீர்கள்.

பிப்ரவரி இருபதாம் தேதி செல்லியம்மாள் என்று ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன். அதற்குள் மேசை நிற்காவிட்டால் இங்கே கத்தி எடுக்க மாட்டேன், எல்லாரையும் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அனுப்பலாம். ஆனால் செல்லியம்மாள் போக மாட்டாள். ஏன் என்று இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது கோபத்தில் எழுதினால் எழுத்து கோணுகிறது.

ஆண்டாள்


கள்ளக்குறிச்சி
13.1.2025

சம்பந்தியம்மாவுக்கு இருசப்பன் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. போகியன்று காலையில் நல்ல வாழ்த்து. சந்தோஷும் படித்தான். "உங்க மாமியார் எழுத்து குண்டு குண்டா அழகா இருக்குடா" என்றேன். என் மகன் சிரிக்கவில்லை.

நான் செய்த வேலையில் குறையில்லை. இருபத்தாறு வருஷமாக ஜாக்கி பார்க்கிறேன். கரும்பு டிப்பர் எட்டு டன் ஏற்றினாலும் நிற்கிறது. உங்கள் மேசையில் ஏறுகிறவர் எழுபது கிலோ. அது நிற்காது என்றால் அங்கே யாரோ ஏதோ செய்கிறார்கள்.

மேசை தானாக இறங்க மூன்று காரணம்தான். ஒன்று, எண்ணெயில் காற்று. அப்படியென்றால் பெடலை மிதிக்கும்போது ஈர மெத்தையை மிதித்த மாதிரி இருக்கும். இரண்டு, எண்ணெய் கசிவு. மேசையைத் தூக்குகிற பளபளப்பான தூண் இருக்கிறதே, அதில் எண்ணெய் வழிந்திருக்கும், தரையிலும் சொட்டும். மூன்று, இறக்குகிற வால்வு. உள்ளே குண்டுமணி அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை. அது தன் குழியில் சரியாக உட்கார்ந்தால் எண்ணெய் திரும்பிப் போகாது. நடுவில் ஒரு துரும்பு மாட்டினாலும் போச்சு.

எனவே மேசையில் அறுபது கிலோ அரிசி மூட்டையை வைத்து முழுசாக ஏற்றுங்கள். தூணில் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று அளந்து எழுதுங்கள். தூணில் எண்ணெய் இருக்கிறதா, பெடல் எப்படி இருக்கிறது, அதையும். கோபத்தை அளந்து எழுத வேண்டாம். அது தெரிகிறது.

பொங்கலுக்கு எல்லாரும் இங்கே வருவீர்கள் என்று மருமகள் சொன்னாள். வந்தால் மேசை பேச்சு எடுக்கக் கூடாதாம்.

இருசப்பன்


மலை
17.1.2025

சம்பந்தி அவர்களுக்கு,

பொங்கலன்று உங்கள் வீட்டில் மேசை பேச்சை எடுக்கவில்லை, கவனித்தீர்களா? மூன்று மணி நேரம் கரும்பைக் கடித்துக்கொண்டே சும்மா இருந்தேன். என் பொறுமைக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தோம். அரிசி மூட்டை சமையல்கட்டிலிருந்து வரவில்லை. தியேட்டர் உதவியாளர் சடையன், ஐம்பது வயது, அறுபத்திரண்டு கிலோ, "நானே படுத்துக்கிறேன் சிஸ்டர்" என்று ஏறிப் படுத்தார். படுத்தவர் தூங்கிவிட்டார். குறட்டை வெளியே ஓபி வரைக்கும் கேட்டது. ஊசி போட வந்த பொம்பளைகள் ஏதோ பெரிய ஆபரேஷன் நடக்கிறது என்று பயந்துவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் நான்கு விரற்கடை இறங்கியது. தூணில் எண்ணெய் இல்லை. தரையிலும் இல்லை. பெடல் கெட்டியாக இருக்கிறது. ஆக, உங்கள் கணக்குப்படி மூன்றாவது காரணம். துரும்பு. நீங்கள்தானே டிசம்பரில் திறந்து மூடினீர்கள்? உங்கள் பட்டறைத் துரும்பாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் சின்னசேலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போகிறேன். சடையன் திறந்துவிடுவார். செருப்பை வெளியே விடுங்கள்.

ஆண்டாள்


கள்ளக்குறிச்சி
21.1.2025

சம்பந்தியம்மாவுக்கு,

செருப்பை வெளியே விட்டேன். காலையும் கழுவினேன். சடையன் டெட்டால் வேறு ஊற்றினார். இதற்கு மேல் என்னைக் கழுவ இடம் இல்லை.

வால்வைத் திறந்தேன். துரும்பு இல்லை. உருண்டையின் குழியில் சிவப்பாகச் சேறு. எண்ணெயிலும் கொஞ்சம் கலந்திருக்கிறது. டிசம்பரிலும் லேசாகச் சிவப்பு இருந்தது, துரு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். இந்த முறை ஜாஸ்தி. துருவாக இருந்தால் உள்ளே இரும்பு அரித்திருக்கும். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஆகவே அது மலைச் செம்மண் என்பது என் முடிவு. உங்கள் ஆட்கள் தியேட்டரைத் தண்ணீர் அடித்துக் கழுவும்போது மண் தெறித்துத் தூணில் ஒட்டுகிறது. மேசை இறங்கும்போது தூணோடு சேர்ந்து உள்ளே போகிறது. எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் மாற்றி, தூணைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட்டேன். நான் படுத்துப் பார்த்தேன். தூங்கவில்லை. ஒரு நூல் கூட இறங்கவில்லை.

கொஞ்சம் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இருசப்பன்


மலை
31.1.2025

சம்பந்தி அவர்களுக்கு,

என் தியேட்டரில் மண்ணா? பதினோரு வருஷமாக அங்கே ஒரு எறும்பு வந்ததில்லை. டாக்டரே வாசலில் நின்று "வரலாமா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதக் கை வரவில்லை. பிறகு 23ஆம் தேதி மேசை நன்றாக நின்றது, சரி போகட்டும், மனுஷன் வேலையைச் செய்துவிட்டார் என்று மன்னித்தேன்.

நேற்று மறுபடி இறங்கிவிட்டது.

இந்த முறை டாக்டர் எதுவும் கேட்கவில்லை. முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றி நிர்வாகியைக் கூப்பிட்டார். சேலத்திலிருந்து ரிப்பேர் ஆள் வர இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை தியேட்டரைப் பூட்டச் சொன்னார். நான் கெஞ்சிக் கேட்டு, செல்லியம்மாள் தேதி வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன். புகார் நோட்டில் எழுதச் சொன்னார்கள். "பழுது பார்த்தவர் வேலை திருப்தியாக இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

செல்லியம்மாள் கதையைச் சொல்கிறேன், அப்போதாவது உங்களுக்கு உறைக்கட்டும். முதல் பிள்ளை இங்கேதான், ஆபரேஷன். இரண்டாவதுக்கு வலி எடுத்தபோது இங்கே டாக்டர் இல்லை. ஆம்புலன்ஸில் கீழே அனுப்பினோம். ஏழாவது வளைவிலேயே எல்லாம் நடந்துவிட்டது. பிள்ளை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரிது. போன வாரம் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள், "அந்த வளைவத் தாண்டி நான் வரமாட்டேன் சிஸ்டர். இங்கியே பண்ணு. இல்லன்னா என்ன வூட்லயே வுட்டுரு." வீட்டிலேயே இருந்துவிடுவாள், சம்பந்தி. சொன்னால் செய்கிறவள். கத்தி வைத்த வயிற்றோடு வீட்டில் பிள்ளை பெற்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

இப்போது சொல்லுங்கள், மண்ணா?

ஆண்டாள்


கள்ளக்குறிச்சி
4.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்து மேசையைத் தூக்குகிற ஜாக்கியையே கழற்றி, பஸ்ஸின் பின் சீட்டில் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதற்குப் பழனி டிக்கெட் கேட்டார்.

இங்கே முழுசாகப் பிரித்துவிட்டேன். புது ரப்பர் வளையம், போட்டுப் பதினான்கு நாள்தான், உள்பக்கம் தேய்ந்திருக்கிறது. தூணில் முடி அளவுக்குக் கோடு கோடாகக் கீறல். குழியில் மறுபடியும் அதே சிவப்பு.

மண் என்று எழுதியது தப்பு. மன்னிக்கவும். மண்ணை விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். இது வழவழவென்று இருந்தது, நடுவில் மட்டும் ஏதோ பொடி. மோந்து பார்த்தேன். எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே வேறொரு வாசனை வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனைதான். நம் பிள்ளைகள் கல்யாணத்தில் வாசலிலேயே வந்த வாசனை. அது என்ன என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் சம்பந்தி. சில விஷயங்களை எழுத்தில் வைக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். வியாழக்கிழமை காலையில், டாக்டர் வருவதற்கு முன்னால், மேசையை ஏற்றி இறக்கிப் பார்ப்பது யார்? அப்போது அவர் வேறு என்ன செய்கிறார்? பதில் எனக்கு வேண்டாம். செய்கிறவர் யோசித்தால் போதும்.

கீறலை மெருகேற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பதினாறாம் தேதி ஞாயிறு வந்து மாட்டுகிறேன். ஆனால் அதே காரியம் தொடர்ந்தால் இருபதாம் தேதியும் இறங்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதத்தான் உங்களுக்கு நன்றாக வருகிறதே.

இருசப்பன்


மலை
8.2.2025

சம்பந்தி அவர்களுக்கு,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துப் போட்டேன். முதல் தாளில் அது அயோடின் மருந்தாக இருக்கும் என்று எழுதினேன். இரண்டாவதில் சடையன் மேல் பழியைப் போட்டேன். மூன்றாவதில் உங்களைத் திட்டினேன். மூன்றுமே நன்றாகத்தான் வந்திருந்தது.

நான்தான்.

சந்தனமும் குங்குமமும். வியாழக்கிழமை காலையில் மேசையை முழுசாக ஏற்றிப் பார்ப்பேன். ஏறி நின்றதும், சுற்றியிருக்கும் ரப்பர் உறையைத் தூக்கி, அந்தப் பளபளப்பான தூணில் ஒரு பொட்டு வைப்பேன். பிறகு நோயாளியை ஏற்ற வசதியாக மேசையை இறக்குவேன். உறையும் மூடிவிடும், டாக்டருக்குத் தெரியாது. இதற்கு முன்னால் இருந்தது கையால் சுற்றுகிற மேசை. அதன் காலில் பத்து வருஷம் வைத்தேன், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. புது மேசை இறங்க ஆரம்பித்ததும், நான் சரியாகக் கும்பிடவில்லை போலிருக்கிறது என்று பொட்டைப் பெரிதாக்கினேன். நீங்கள் 19ஆம் தேதி சரி செய்துவிட்டுப் போன பிறகு மூன்று பொட்டாக வைத்தேன். சிரிக்க வேண்டாம்.

தியேட்டரில் தூசி கூடாது என்று ஊரையே விரட்டுகிறவள் இதை ஏன் செய்கிறாள் என்று கேட்பீர்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை பஸ் தாமதம். அவசரத்தில் பொட்டு வைக்க மறந்துவிட்டேன். அன்றைக்கு மேசையிலேயே ஒரு பெண் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது. ரத்தம் நிற்கவில்லை. கீழேயிருந்து வரவேண்டிய ரத்தம் வந்து சேரவில்லை. அவள் போனதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குத் தெரியும், நான் படித்தவள். ஆனாலும் அவள் அம்மா என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பிறகு ஒரு வியாழனும் நான் மறந்ததில்லை.

இப்போது செல்லியம்மாள். வைத்தால் மேசை இறங்கும். வைக்காவிட்டால் நான் நிற்பேனா என்று எனக்கே தெரியவில்லை. கோபமாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் விளங்கவில்லை.

ஆண்டாள்


கள்ளக்குறிச்சி
11.2.2025

சம்பந்தியம்மா,

மூன்று பொட்டா!

நவம்பரிலிருந்து நான்கு முறை மலை ஏறியிருக்கிறேன். எண்ணெய் சரியில்லையோ, வளையம் போலியோ, எனக்குத்தான் கை போய்விட்டதோ என்று புலம்பியிருக்கிறேன். "இன்னாப்பா, ஒரு மேசைக்கு இந்தப் பாடு பட்றியே" என்று சந்தோஷ் கேட்கிறான். நான் கழுவக் கழுவ நீங்கள் பூசிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நான் எதைச் சரி செய்தாலும் அதற்கு நன்றியாக நீங்கள் அதையே கெடுத்திருக்கிறீர்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? சொன்னால் என்னைத்தான் சிரிப்பார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை. மெஷினைப் பற்றித்தான் எனக்கு எழுத வரும்.

ஆகவே மெஷினைப் பற்றி. அசைகிற எந்தப் பாகத்திலும் சந்தனமோ, குங்குமமோ, விபூதியோ, பூவோ, கற்பூரமோ கூடாது. தூணில் உங்கள் விரல் பட்டால் சம்பந்தம் என்றும் பார்க்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாட்ட வருகிறேன். நீங்கள் அன்றைக்கு எங்காவது போய்விடுங்கள். பக்கத்தில் இருந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன், மருமகள் பெட்டியைக் கட்டிவிடுவாள்.

இருசப்பன்


கள்ளக்குறிச்சி
18.2.2025

சம்பந்தியம்மாவுக்கு,

மாட்டியதும் சடையனைப் படுக்க வைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். மனுஷன் தூங்கினார், மேசை அசையவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சடையனிடம் சொல்லிவிட்டு வரக் கூச்சமாக இருந்தது.

மேசையின் அடிப்பலகையில், சுவர்ப் பக்கம், பெடலுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். உள்ளங்கை அளவு எவர்சில்வர் தகடு ஒன்று திருகி வைத்திருக்கிறேன். அங்கே எதுவும் அசையாது, ஏறாது, இறங்காது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் பொட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பொட்டை நானே வைத்துவிட்டேன். சந்தனம் சுபஸ்ரீ அரைத்துக் கொடுத்தது. எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கம்மி. பட்டறையில் ஆயுத பூஜைக்குக்கூடச் சுவரில்தான் பொட்டு, சாமானில் கிடையாது. ஆனால் டாக்டர் கைக்குக் கத்தி போவது உங்கள் கையிலிருந்துதான். அது நடுங்கினால் மேசை நின்று என்ன புண்ணியம்? அதுவும் சேர்த்துத்தான் ரிப்பேர் என்று வைத்துக்கொண்டேன்.

இருசப்பன்


மலை
20.2.2025
பகல் இரண்டு மணி

சம்பந்தி,

உங்கள் 18ஆம் தேதிக் கடிதம் இன்றைக்குப் பன்னிரண்டரைக்கு வந்தது. நேற்று மலைக்கு பஸ்ஸே வரவில்லை, ரிப்பேராம். பன்னிரண்டரைக்கு! ஆபரேஷன் ஒன்பதே முக்காலுக்கு.

என்ன நடந்தது என்று கேளுங்கள். காலையில் மேசையை ஏற்றினேன். உறையைத் தூக்கினேன். சந்தனக் கிண்ணம் கையில் இருந்தது. தூண் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. என் விரல் அதன் பக்கத்தில் போய் நின்றது. சடையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் பென்சிலால் மட்டும் ஒரு கோடு போட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. 

செல்லியம்மாள் ஏறிப் படுத்து, "இது எறங்காதில்ல சிஸ்டர்?" என்று கேட்டாள். "எறங்காது. எங்க சம்பந்தி பாத்தது" என்றேன். வேறு என்ன சொல்வது? சொல்லும்போது சாமி பேர் வாயில் வரவில்லை, உங்கள் பேர்தான் வந்தது. இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்க வேண்டாம்.

பழைய தையல் ஒட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி போனது. அந்த இடத்தில் என் கை நடுங்கியது. டாக்டர் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஐம்பத்தைந்து நிமிஷம். பெண் குழந்தை. இரண்டு கிலோ எழுநூறு. வெளியே வந்ததும் கத்திய கத்தலில் சடையன் அழுதுவிட்டார். தையல் முடிந்து பார்த்தேன். பென்சில் கோடு போட்ட இடத்திலேயே இருந்தது, ஒரு நூல் இறங்கவில்லை. டாக்டர் முதுகை நிமிர்த்தியபடியே வெளியே போனார். வாசலில் திரும்பி, தியேட்டரைப் பூட்ட வேண்டாம் என்றார்.

புகார் நோட்டை எடுத்து என் பழைய வரியை அடித்தேன். "தவறு பழுது பார்த்தவருடையது அல்ல. தூணில் சந்தனம் குங்குமம் வைத்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நிர்வாகியிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு நோட்டை மூடினார்.

அப்படி வந்து உட்காருகிறேன், பழனி உங்கள் கடிதத்தைக் கொடுக்கிறார்.

முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, பெடலுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தேன். தகடு இருக்கிறது. நடுவில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம், கோணலாக. உங்களுக்குப் பொட்டுகூட நேராக வைக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. நான் ஐம்பத்தைந்து நிமிஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதும் என் காலுக்கு ஒரு சாண் தள்ளி அது இருந்திருக்கிறது!

சடையனிடம் சொல்லக் கூச்சமாம். தகடு வெட்டத் தெரிகிறது, ஓட்டை போடத் தெரிகிறது, திருகத் தெரிகிறது, ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? தரையில் உட்கார்ந்தபடியே அழுதேன், அதே நேரத்தில் உங்களைத் திட்டினேன். என்ன வார்த்தை என்று எழுத்தில் வைக்கக் கூடாது, நான் சம்பந்தி.

இந்தக் கடிதம் நாளைக்குத்தான் பழனி பையில் வரும். அதுவரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. இதை மடித்து வைத்துவிட்டு மூன்றாவது வளைவு வரைக்கும் நடக்கப் போகிறேன். சுபஸ்ரீ என்ன சொன்னாலும் சரி. போனை எடுங்கள்.

ஆண்டாள்